ரெண்டெழுத்துக் கட்டளையும் அப்பத்தாவின் குரலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போட்ட விஷயம் இது. வழக்கமா நான் தள்ளிப் போடறதுக்குக் காரணம் சோம்பேறித்தனம். இந்தத் தடவை அதோட கொஞ்சம் வெட்கமும் சேர்ந்துக்கிச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன், லினக்ஸ்தான் உசத்தின்னு ஹாஸ்டல் பூரா சண்டை போட்ட பையன், கடைசியில ரெண்டே எழுத்து இருக்கிற ஒரு கட்டளையில மண்ணைக் கவ்வினேன்னு வெளியில சொல்லிக்க யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தக் கட்டளை எல்என். லிங்க்ங்கிற வார்த்தையோட சுருக்கம். (இங்க கட்டளைகளை நம்ம எழுத்துலயே எழுதறேன். டெர்மினல்ல அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க.)

முதல்ல கதை. 2024 பொங்கல் லீவு. ரெண்டாம் வருஷத்துல ஒரு மினி ப்ராஜெக்ட். வயசானவங்க பேசற தமிழை கம்ப்யூட்டர் சரியா எழுத்தாக்குதான்னு பார்க்கணும். நாங்க மூணு பேரு. ஆளுக்கு ஒரு மைக்கை எடுத்துக்கிட்டு அவங்கவங்க ஊர்ல தாத்தா பாட்டிங்களைப் பிடிச்சுப் பேச வச்சோம். மொத்தம் 63 ஃபைல், 14 ஜிபி. எங்க அப்பத்தா மட்டும் மூணு ஃபைல். முதல்ல 34 நிமிஷம், கல்யாணமாகி வந்த கதை. ரெண்டாவது 27 நிமிஷம், பஞ்சத்துல என்ன சாப்பிட்டாங்கன்னு. மூணாவது 12 நிமிஷம், நடவுப் பாட்டு. பாட மாட்டேன்னு ரொம்ப பிகு பண்ணிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துல தானா ஆரம்பிச்சது அது.

ப்ராஜெக்ட் ஏதோ ஒப்பேத்தி முடிஞ்சது. அதே வருஷம் ஆவணியில அப்பத்தா போயிருச்சு.

ஒரு வருஷம் கழிச்சு தெவசத்துக்கு முன்னாடி அப்பா போன் பண்ணாரு. "தம்பி, ஆத்தா பேசுனதை வச்சிருந்தியே, பெரியப்பா கேக்குறாரு. வரும்போது எடுத்துட்டு வா." சரிப்பான்னு சொல்லிட்டு பென்டிரைவைத் தேடி எடுத்து, அதுல இருந்த டார் ஃபைலை லேப்டாப்ல பிரிச்சேன். ப்ராஜெக்ட் போல்டர் வந்தது. உள்ளே கோட் இருக்கு, ரிப்போர்ட் இருக்கு, பிபிடி இருக்கு. 'பதிவுகள்'னு ஒரு பேரும் இருக்கு. ஆனா அந்தப் பேரு மட்டும் கறுப்புப் பட்டைமேல சிவப்பு எழுத்துல இருந்தது.

ஙேன்னு விழிச்சேன்.

எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தேன். அந்த வரியோட முதல் எழுத்து 'எல்'. அளவு 15 பைட். 14 ஜிபி இருக்க வேண்டிய இடத்துல 15 பைட்! அந்த 15 என்னன்னும் சொல்லிடறேன். '/எம்என்டி/டேட்டா/வாய்ஸ்'ங்கிற பாதையை ஆங்கிலத்துல எழுதி, மூணு ஸ்லாஷையும் சேர்த்து எண்ணினா சரியா 15 எழுத்து. சிம்பாலிக் லிங்க்னு நாம சொல்றது அவ்வளவுதான். ஒரு சீட்டு. 'நீ தேடற ஆளு அந்தத் தெருவுல, அந்த வீட்டுல இருக்கார்'னு எழுதி வச்ச துண்டுச் சீட்டு. ஆளு சீட்டுக்குள்ள இருக்க மாட்டார்.

ஏன் அப்படி ஒரு சீட்டு வச்சேன்னு கேப்பீங்க. லேப்டாப்ல ஒரே எஸ்எஸ்டி, அதுல ரெண்டு பார்ட்டிஷன். லினக்ஸ் இருந்த பக்கம் இடம் பத்தல. அதனால குரல் எல்லாத்தையும் இன்னொரு பக்கம் வச்சேன். ப்ராஜெக்ட் போல்டர்லேர்ந்து அதுக்கு வழி வேணுமேன்னு முதல்ல இப்படி அடிச்சேன்:

எல்என் /எம்என்டி/டேட்டா/வாய்ஸ் பதிவுகள்

போல்டருக்கு ஹார்ட் லிங்க் கிடையாதுன்னு ஒரே வரியில திட்டிருச்சு. நெட்ல தேடினேன். நடுவுல -எஸ் போடுன்னு யாரோ சொல்லியிருந்தாங்க. போட்டேன், வேலை செஞ்சது. ஏன் வேலை செஞ்சதுன்னு படிக்கல. அங்கதான் தப்பு.

அப்புறம் நவம்பர்ல லினக்ஸைப் புதுசா போட நெனச்சேன். நல்ல பிள்ளையா முதல்ல பேக்கப். ப்ராஜெக்ட் போல்டரை டார் பண்ணி பென்டிரைவ்ல போட்டேன். 212 எம்பி வந்தது. பதினாலு ஜிபி எப்படிடா 212 எம்பி ஆச்சுன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. 'ஆஹா, என்ன ஒரு கம்ப்ரஷன்'னு புல்லரிச்சுப் போனேன் :-) இன்னொண்ணு, அந்த பென்டிரைவ் ஃபேட்32. அதுல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டவே முடியாது. முழுசா வந்திருந்தா காப்பி ஆகறப்பவே கத்தியிருக்கும். கத்தல. கத்தாததும் ஒரு தகவல்தான்னு அப்போ எனக்குத் தோணல.

டார் மேல தப்பு இல்ல. சிம்பாலிக் லிங்க்கைப் பார்த்தா சீட்டை மட்டும் எடுத்து வைக்கறதுதான் அதோட வழக்கம். சீட்டு காட்டற வீட்டுக்குள்ள போயி எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வரணும்னா -ஹெச்னு தனியா சொல்லணும். ஆர்சிங்க்லயும் அப்படித்தான். -ஏ போட்டா சீட்டு, கூடவே பெரிய -எல் போட்டா சரக்கு. யோசிச்சா நியாயம்தான். லிங்க்கையெல்லாம் கேக்காமலே பின்தொடர்ந்தா, சின்ன போல்டரைக் கட்டப் போய் பாதி டிஸ்க்கைக் கட்டிக்கிட்டு வந்துரும்.

பேக்கப் ஆச்சுங்கற தைரியத்துல ரெண்டு பார்ட்டிஷனையும் நானே கையால எம்கேஎஃப்எஸ் போட்டு அழிச்சேன். எக்ஸ்ட்4 உருவாக்கும்போது அந்தக் கட்டளை, எஸ்எஸ்டிகிட்ட 'இந்த பிளாக் எதுவுமே எனக்கு வேண்டாம்'னு தானாவே சொல்லிரும். விஷயம் தெரிஞ்சப்புறம் ஃபோட்டோரெக் ராத்திரி முழுக்க ஓட்டினேன். என்னென்னவோ ஐகான் படமா அள்ளிக் கொட்டுச்சு. குரல் ஒண்ணுகூட இல்ல.

இங்க கதையை நிறுத்திட்டு, அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் உட்கார்ந்து படிச்சதைச் சொல்றேன். இது தெரியாம மீதிக் கதை புரியாது.

ஃபைலுக்குள்ள அதோட பேரு இல்ல. இதுதான் முதல் அதிர்ச்சி. நாம 'கட்டுரை'ன்னு ஒரு ஃபைல் வச்சிருக்கோம்னா, அந்தப் பேரு போல்டர்ல இருக்கு. போல்டர்ங்கறது ஒரு பட்டியல். இடது பக்கம் பேரு, வலது பக்கம் ஒரு நம்பர். அந்த நம்பரைத்தான் ஐநோட் நம்பர்ங்கறாங்க. அந்த நம்பர்ல போய்ப் பார்த்தா யார் ஓனர், எவ்வளவு பெருசு, எப்ப மாத்தினது, டிஸ்க்ல எந்தெந்த பிளாக்ல சரக்கு இருக்கு, எல்லாம் இருக்கும். பேரு மட்டும் இருக்காது. எல்எஸ் -ஐ போட்டா ஒவ்வொரு ஃபைலுக்கு முன்னாடியும் அந்த நம்பர் வரும், பாருங்க. (ஐநோட்ல வர்ற 'ஐ' எதோட சுருக்கம்னு யூனிக்ஸை உண்டாக்கினவங்கள்ல ஒருத்தரான டென்னிஸ் ரிட்சியைக் கேட்டதுக்கு, இண்டெக்ஸா இருக்கலாம்னு அவரே ஊகமாத்தான் சொன்னார். மனசுக்கு ஆறுதலா இருந்தது.)

ஆக, பட்டியல்ல ரெண்டு வரி ஒரே நம்பரைக் காட்டினா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. ஒரே ஃபைலுக்கு ரெண்டு பேரு, அவ்வளவுதான். அதுதான் ஹார்ட் லிங்க். -எஸ் இல்லாம எல்என் போட்டா கிடைக்கறது அது:

எல்என் பழையபேரு புதுப்பேரு

வரிசை காப்பி பண்றதுக்கு சிபி போடற மாதிரியேதான். இருக்கறது முதல்ல, புதுசு அப்புறம். நான் இதை மாத்திப் போட்டுத் திட்டு வாங்கினது தனிக்கதை.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ரெண்டு பேர்ல எது ஒரிஜினல்ங்கற கேள்விக்கே இடம் இல்ல. எங்க வீட்டுல அதே கிழவி எனக்கு அப்பத்தா, அப்பாவுக்கு ஆத்தா, எங்கம்மாவுக்கு மாமியா, ரேஷன் கார்டுல இன்னொரு பேரு. ஆளு ஒண்ணு. எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் அதே ஆளு திரும்பிப் பார்க்கும். முதல்ல வச்ச பேருக்கு மட்டும் தனி மரியாதை ஒண்ணும் கிடையாது.

ஐநோட்டுக்குள்ள ஒரு எண்ணிக்கை இருக்கு. எனக்கு எத்தனை பேரு இருக்குன்னு அது கணக்கு வச்சுக்கும். எல்எஸ் -எல் போட்டா அனுமதி எழுத்துகளுக்கு அடுத்தபடி ஒரு சின்ன நம்பர் வருமே, ரெண்டு வருஷமா நான் அதைக் கண்டுக்காம தாண்டிப் போயிட்டே இருந்தேன். அதுதான் இது. சாதாரண ஃபைலுக்கு 1. ஹார்ட் லிங்க் ஒண்ணு போட்டா 2. எக்ஸ்ட்4ல 65,000 பேரு வரைக்கும் போகலாமாம். யாருக்கு வேணும் அத்தனை பேரு!

ஆர்எம் போட்டா ஃபைல் அழியும்னு நெனச்சுக்கிட்டிருக்கோமில்ல? ஆர்எம் பேரைத்தான் எடுக்குது. கர்னல்ல அதுக்குக் கீழ ஓடற அழைப்போட பேரே 'அன்லிங்க்'. பேரை எடுத்துட்டு எண்ணிக்கையில ஒண்ணு கழிக்கும். அது பூஜ்யம் ஆகி, எந்த ப்ரோகிராமும் அந்த ஃபைலைத் திறந்து வச்சுக்கிட்டு இல்லைன்னாத்தான் இடம் காலியாகும்.

எல்என் ரொம்பப் பழசு. 1971 நவம்பர்ல வந்த யூனிக்ஸோட முதல் கையேட்டிலேயே இருக்கு. ஆனா அப்போ ஹார்ட் லிங்க் மட்டும்தான். சிம்பாலிக் லிங்க் பெர்க்லி யூனிக்ஸ்ல, 4.2 பிஎஸ்டியில, 1983ல வந்தது. ஏன் தேவைப்பட்டதுன்னா ஹார்ட் லிங்க்குக்கு ரெண்டு இடத்துல முட்டும். ஒண்ணு, ஐநோட் நம்பர் அந்த ஒரு ஃபைல் சிஸ்டத்துக்குள்ளதான் செல்லுபடி. பக்கத்துப் பார்ட்டிஷன்ல அதே நம்பர்ல வேற ஆளு இருப்பான். நம்ம தெரு 12ஆம் நம்பர் வீடு வேற, அடுத்த தெரு 12ஆம் நம்பர் வேற. ரெண்டாவது, போல்டர். ஒவ்வொரு போல்டருக்குள்ளயும் ஒத்தைப் புள்ளி, ரெட்டைப் புள்ளின்னு ரெண்டு பேரு தானா இருக்கும். ஒத்தைப் புள்ளி தன்னையே குறிக்கும், ரெட்டைப் புள்ளி மேல இருக்கிற போல்டரைக் குறிக்கும். எக்ஸ்ட்4ல புது போல்டர் உண்டாக்கின உடனே லிங்க் எண்ணிக்கை 2ன்னு காட்டறதுக்கு அதுதான் காரணம். இதுல நாம வேற போல்டருக்கு ரெண்டாவது அப்பனைக் கொண்டுவந்தா, ரெட்டைப் புள்ளி எந்த அப்பனைக் காட்டும்? பாட்டனையே பேரனுக்குள்ள வச்சுட்டா, மரத்தைச் சுத்தி வர்ற ப்ரோகிராம் சுத்திக்கிட்டே இருக்கும். அதான் தடை.

சீட்டுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்ல. எந்தப் பார்ட்டிஷனையும் காட்டலாம், போல்டரைக் காட்டலாம், இல்லாத ஊரைக்கூட காட்டலாம், எழுதறப்ப யாரும் சரிபார்க்க மாட்டாங்க. ஒண்ணை இன்னொண்ணு காட்ட, அது இதையே திருப்பிக் காட்டற மாதிரியும் எழுதலாம். லினக்ஸ் 40 தடவை வரைக்கும் பொறுமையா பின்னாடியே போயிட்டு, அப்புறம் கையை விரிச்சுரும். வீட்டை இடிச்சாலும் சீட்டுக்குத் தெரியாது. அதே இடத்துல வேற வீடு கட்டினா கூச்சமே இல்லாம அதைக் காட்டும்.

உங்க லினக்ஸே இந்தச் சீட்டுலதான் ஓடுது. நீங்க பைத்தான்3ன்னு அடிக்கறது ஒரு சிம்லிங்க்தான், குறிப்பிட்ட வெர்ஷன் ஃபைல் ஒண்ணை அது காட்டும். லைப்ரரி ஃபைல்கள்லயும் நிறைய இப்படித்தான். வெர்ஷன் மாத்தணும்னா சீட்டை மட்டும் மாத்தி எழுதினாப் போதும். விண்டோஸ் ஆளுங்க சிரிக்க வேண்டாம், விஸ்டாவுலேர்ந்தே எம்கேலிங்க்னு உங்ககிட்டயும் இருக்கு. டெஸ்க்டாப்ல வளைஞ்ச அம்பு போட்ட ஷார்ட்கட் இருக்கே, அது இது இல்ல. அது எக்ஸ்ப்ளோரர் மாதிரி சிலதுக்கு மட்டும் புரியற ஒரு தனி ஃபைல்.

சரி, கதைக்கு வருவோம்.

ராத்திரி 11 மணி. நம்ம சோடாபுட்டிக்குப் போன் போட்டேன் (அவன் கண்ணாடியைப் பார்த்தவங்களுக்குப் பேர்க்காரணம் தெரியும்). குரலைக் கேட்டு எழுத்தாக்கற வேலை மூணு பேர்ல அவனோடது.

"மச்சி, லேப் சர்வர்ல நம்ம பதிவு ஏதாச்சும் இருக்குமாடா?"

"நீதானடா அழிச்ச?"

உண்மைதான். 2024 மார்ச்ல லேப் அண்ணன் வந்து, உங்க அக்கவுண்ட்ல கோட்டா முட்டுது, காலி பண்ணுங்கப்பான்னு சொன்னாரு. மூணு பேருக்கும் சேர்த்து ஒரே லாகின். லேப்டாப்லதான் இருக்கேன்னு 'மூலம்' போல்டரை ஆர்எம் -ஆர் போட்டுத் தூக்கிட்டேன். 14 ஜிபி போயிருக்கணும். ஆனா கோட்டாவுல 9 ஜிபிதான் குறைஞ்சது. 'சர்வர் பொய் சொல்லுது'ன்னு நான் சோடாபுட்டிகிட்ட கிண்டல் அடிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. அவனும் சிரிச்சான். ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்!

படிச்சு முடிச்ச அந்த ராத்திரிதான் அந்த 5 ஜிபி மறுபடி மண்டையில உறைச்சது. மறுபடி போன் போட்டேன்.

"முடிச்ச ஃபைலையெல்லாம் எப்படிக் குறிச்சு வச்சிருந்த?"

"முடிஞ்சதுன்னு ஒரு போல்டர். ஒவ்வொண்ணுக்கும் அதுல லிங்க் போட்டு வச்சிருந்தேன். ஏன்?"

"என்ன லிங்க்?"

"லிங்க்தான்டா, எல்என். அதெல்லாம் செத்துப் போயிருக்கும், விடு, தூங்கு."

லேப் சர்வரை காலேஜ் நெட்வொர்க்லேர்ந்துதான் தொட முடியும். ஹாஸ்டல் வைஃபை 12 மணிக்குக் கட் ஆயிரும். 11:40க்கு எஸ்எஸ்ஹெச்ல உள்ள போனேன். 'முடிஞ்சது' போல்டர் இருந்தது. எல்எஸ் -எல் அடிச்சுட்டு ஒரு நிமிஷம் ஸ்கிரீனைப் பார்க்காம உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பார்த்தா 23 ஃபைல். ஒண்ணுகூட சிவப்பு இல்ல. எல்லாம் சாதா நிறம். அளவு 15 பைட் இல்ல, நூத்துக்கணக்குல எம்பி. அனுமதிக்கு அடுத்த அந்தச் சின்ன நம்பர், எல்லாத்துக்கும் 1. நான் 'மூலம்' போல்டரை அழிக்கறதுக்கு முன்னாடி அது 2ஆ இருந்திருக்கும். நான் ஒரு பேரை எடுத்தேன், இன்னொரு பேரு அவன் போல்டர்ல இருந்தது. சரக்கை யாரும் தொடல. குறையாம நின்ன 5 ஜிபி இதுதான்.

மறுநாள் சோடாபுட்டிகிட்ட, "ஹார்ட் லிங்க் போட்டு வச்சியே, தெய்வம்டா நீ"ன்னு கையைப் பிடிச்சேன். அவன் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "இல்ல மச்சி, -எஸ் போடணும்னுதான் நெனச்சேன், மறந்துட்டேன் போல"ங்கறான். அடப்பாவி!

அவன் மறந்தது ரெண்டு விதத்துல எங்களைக் காப்பாத்தியிருக்கு. அவன் அடிச்சது இந்த மாதிரி:

எல்என் மூலம்/பாட்டி07 முடிஞ்சது/

இதுல -எஸ் சேர்த்திருந்தா சீட்டுல 'மூலம்/பாட்டி07'னு அப்படியே எழுதியிருக்கும். ஆனா சீட்டு இருக்கிறது 'முடிஞ்சது' போல்டருக்குள்ள. பாதை ஸ்லாஷ்ல ஆரம்பிக்கலைன்னா, அதைச் சீட்டு இருக்கிற இடத்துலேர்ந்துதான் எண்ணும், நாம எங்க நின்னு கட்டளை அடிச்சோம்ங்கறது கணக்கே இல்ல. ஆக அது 'முடிஞ்சது'க்குள்ள 'மூலம்'னு ஒரு போல்டரைத் தேடியிருக்கும். இல்லவே இல்லாத போல்டர். போட்ட அன்னைக்கே சிவப்பாயிருக்கும். சிம்லிங்க்ல ஆரம்பத்துல எல்லாரும் விழற குழி இது. ஒண்ணு, முழுப் பாதை கொடுக்கணும். இல்லைன்னா -எஸ் கூட -ஆர் சேர்த்தா, எங்கேர்ந்து எங்கேன்னு எல்என்னே கணக்குப் போட்டுச் சரியா எழுதிரும்.

23 ஃபைல்ல அப்பத்தாவோடது இருக்கான்னு தேடினேன். இருந்தது, ரெண்டு. ஹெட்செட் மாட்டிக்கிட்டு முதல் ஃபைலைப் போட்டேன். "ஏ அப்பு, இது ஓடுதா?"ன்னு மைக்கைத் தட்டற சத்தம். அதுக்கு மேல அன்னைக்குக் கேக்கல.

மூணாவது, அந்த 12 நிமிஷம், இல்ல. ரிவ்யூ முடிஞ்சதும் எழுத்தாக்கற வேலையையும் நிறுத்திட்டோம். அதனால சோடாபுட்டி அதைத் தொடவே இல்ல, 'முடிஞ்சது'க்குள்ள அதுக்கு ஒரு பேரு கிடைக்கவே இல்ல. பாட்டு ஃபைலா, பேச்சு எழுத்தாக்கறதுக்கு உதவாதுன்னு கடைசியில தள்ளி வச்சதே நான்தான். மீதி 40 ஃபைல்ல மத்த ரெண்டு பேர் வீட்டுத் தாத்தா பாட்டிங்களும் இருந்தாங்க. அவங்க வீட்டுலயும் போய்ச் சொன்னேன். ஒருத்தரோட தாத்தா நல்லா இருக்கார், இன்னொரு தடவை வாப்பா, முழுசா பேசறேன்னார். அந்த வகையில அவன் தப்பிச்சான்.

அப்பாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அந்தப் பாட்டு உங்க அத்தைக்குத் தெரியும்டா. வயக்காட்டுல கூட நின்னு பாடியிருக்கா"ன்னாரு. தெவசத்தன்னைக்கு அத்தையைப் பிடிச்சு உட்கார வச்சேன். நாலு அடி வரைக்கும் சரியா வந்தது. அதுக்கு அப்புறம் வேற ஏதோ பாட்டோட கலந்துருச்சு. "ஆத்தா இருந்தா எடுத்துக் குடுக்கும்"னு சொல்லிட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டே அடுப்படிக்குள்ள போயிருச்சு. அந்த மூணு நிமிஷத்தையும் வச்சிருக்கேன்.

இதைக் கேட்டுட்டு 'அப்போ ஹார்ட் லிங்க்தான் பேக்கப்'னு யாராச்சும் கிளம்பிடாதீங்க. நானே கிளம்பினேன். லேப் ரெக்கார்டுக்காக எழுதின ஒரு குறிப்பு ஃபைலுக்கு இன்னொரு போல்டர்ல ஹார்ட் லிங்க் போட்டு, ஆஹா பத்திரம்னு இருந்தேன். ஒரு வாரத்துல எதையோ அதுக்குள்ள சேர்க்கப் போய், ரெண்டு '>' போடறதுக்குப் பதிலா ஒண்ணு போட்டுட்டேன். ஃபைல் காலி. இன்னொரு பேர்ல போய்ப் பார்த்தா அங்கயும் அதே ஒரு வரி! ஒரே ஆளுதானே, ஒரு பேர்ல மொட்டை அடிச்சா இன்னொரு பேர்ல மட்டும் முடி இருக்குமா :-( பேரை அழிச்சா ஹார்ட் லிங்க் காப்பாத்தும், உள்ளே கையை வச்சா காப்பாத்தாது. இதுலயும் ஒரு கிறுக்கு இருக்கு. செட் கட்டளையில -ஐ போட்டுத் திருத்தினா, அது புது ஃபைல் எழுதி அதைப் பழைய பேருக்கு மாத்திரும். சில எடிட்டரும் அப்படித்தான். அப்போ ரெண்டு பேரும் சத்தமில்லாம ரெண்டு ஃபைலா பிரிஞ்சுருவாங்க. எல்எஸ் -ஐ போட்டு நம்பரைப் பார்த்தாத்தான் தெரியும்.

ஹார்ட் லிங்க்கை பேக்கப்புக்கு ஒழுங்கா பயன்படுத்தறவங்களும் இருக்காங்க. ஆர்சிங்க்ல லிங்க்-டெஸ்ட்னு ஒரு ஆப்ஷன். முதல் நாள் முழு காப்பி. அடுத்த நாள்லேர்ந்து மாறின ஃபைலை மட்டும் புதுசா எடுத்துட்டு, மாறாததுக்கு நேத்து எடுத்த காப்பிக்கே ஹார்ட் லிங்க். ஒவ்வொரு நாள் போல்டரும் முழுசா இருக்கிற மாதிரி தெரியும், இடம் கொஞ்சம்தான் போகும். 2007ல ஆப்பிள் கொண்டுவந்த டைம் மெஷினும் ஆரம்பத்துல இதே வித்தையிலதான் ஓடுச்சு. அவங்க போல்டருக்கே ஹார்ட் லிங்க் போட வழி பண்ணிக்கிட்டாங்க. ஆனா இதெல்லாம் தனி டிஸ்க்ல முதல்ல ஒரு நிஜக் காப்பி எடுத்ததுக்கு மேல கட்டினது. நான் பண்ணின மாதிரி அதே டிஸ்க்ல பேரை மட்டும் கூட்டறது இல்ல.

அப்பத்தாவோட ரெண்டு ஃபைலும் இப்போ நாலு இடத்துல இருக்கு. என் லேப்டாப், அப்பா போன், பெரியப்பா வீட்டு கம்ப்யூட்டர், சோடாபுட்டியோட ஹார்ட் டிஸ்க். நாலும் சிபி போட்டு எடுத்தது. ஒவ்வொண்ணையும் அங்கங்க போய் ஒரு தடவை ஓட விட்டுப் பார்த்துட்டேன். பெரியப்பா மட்டும் முழுசா ஒரு மணி நேரமும் கேட்டாரு.

பி.கு: உங்க போல்டர்ல செத்த சீட்டு ஏதாச்சும் இருக்கான்னு பார்க்க, அதுக்குள்ள போய் 'ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல்' அடிங்க, இருந்தா பட்டியல் வரும். ஒரு ஃபைலுக்கு வேற எங்கெல்லாம் பேரு இருக்குன்னு தெரியணும்னா 'ஃபைண்ட் . -சேம்ஃபைல்' போட்டு அந்த ஃபைல் பேரைக் கொடுங்க. டார் கட்டினதும் உள்ளே என்ன இருக்குன்னு 'டார் -டிவிஎஃப்' போட்டுப் பாருங்க, 'எல்'னு ஆரம்பிக்கிற வரி வந்தா அது சீட்டு. எனக்கு அன்னைக்கு இதை அடிச்சுப் பார்க்க பத்து செகண்ட்கூட ஆகியிருக்காது.